கிறிஸ்துமஸுக்கு மாமாவுக்கு சென்ட் பாட்டில் வேண்டாம்

எங்கள் பக்கத்தில், அதாவது பாளையங்கோட்டை, நாசரேத், நாகர்கோவில் என்று நீளுகிற தென்மாவட்டத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில், கிறிஸ்துமஸ் பரிசு என்பதில் பெரிய யோசனை எதுவும் இருக்காது. துணி எடுத்துக் கொடுப்போம். எடுக்க நேரமில்லை என்றால் கவரில் காசு. போகிற வீட்டுக்கு ஒரு பிளம் கேக். ஆம்பிளைகளுக்கு என்ன வாங்குவது என்று தெரியாமல் முழிக்கும்போது ஒரு சென்ட் பாட்டில் அல்லது ஷேவிங் செட், முடிந்தது கதை. இதில் துணியைத் தவிர மற்ற எல்லாமே, குடியை விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிற ஒருவருக்கு ஏதாவது ஒரு வகையில் இடைஞ்சல் என்பது நம்மில் நிறையப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதற்கு நேர் எதிராகப் போய், பைபிள் வசனம் எழுதிய பிரேம் வாங்கிக்கொண்டு வருவார்கள். அது இன்னொரு இடைஞ்சல்.

எங்கள் குடும்பத்தில் இப்படி மூன்று பேர் இருக்கிறார்கள். அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, வயரிங் வேலை பார்த்தவர், குடியை விட்டுச் சில வருஷம் ஆகிறது. அத்தை மகன் ஒருவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், போன வருஷம்தான் மறுவாழ்வு மையத்திலிருந்து வந்தார். சித்தப்பா மகனுக்குக் குடியே கிடையாது, அவனுக்கு ஆன்லைன் ரம்மி. ஊர் பெயரோ ஆள் பெயரோ இதற்கு மேல் சொல்லப் போவதில்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் கையில் கொழுத்த பணம் இல்லாததால் பரிசெல்லாம் 200, 300 ரூபாய்க் கணக்குத்தான், மிஞ்சிப் போனால் 500. அதற்குள் என்ன செய்யலாம் என்று பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டாகியிருக்கிறது: பரிசு அவருடைய குடியைப் பற்றி எதுவும் பேசக் கூடாது. பாராட்டாகவும் பேசக் கூடாது, எச்சரிக்கையாகவும் பேசக் கூடாது. அவர் மாமா, அவருக்கு கிறிஸ்துமஸ், அவ்வளவுதான்.

முதலில் எதை வாங்கக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், இதில்தான் உடம்புக்கே ஆபத்து இருக்கிறது.

குடியை விட்டவர்களில் சிலருக்கு டாக்டர் டைசல்ஃபிராம் என்ற மாத்திரை கொடுத்திருப்பார். சாராயம் உடம்புக்குள் போனால் கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாற்றி, பிறகு அதையும் உடைத்து வெளியே தள்ளும். இந்த மாத்திரை அந்த இரண்டாவது வேலையை நிறுத்திவிடும். நச்சு தேங்கி, முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, சிலருக்கு ரத்த அழுத்தம் தடாலென்று இறங்கிவிடும். டென்மார்க்கில் 1948இல் கண்டுபிடித்த விஷயம், இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மாத்திரையை நிறுத்தின பிறகும் 2 வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். (சாம்பாரில் தெரியாமல் கலந்து கொடுங்கள் என்று விளம்பரம் பண்ணி விற்கிறார்களே, அதைச் செய்துவிடாதீர்கள். இது விழுங்குகிறவருக்குத் தெரிந்து, டாக்டர் பார்த்துக் கொடுக்க வேண்டிய மாத்திரை. தெரியாமல் கொடுத்து அவர் வெளியே போய்க் குடித்தால் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.)

இதற்கும் கிறிஸ்துமஸுக்கும் என்ன சம்பந்தம் என்றால், அந்த மாத்திரை போடுகிறவர் சென்ட், ஆஃப்டர் ஷேவ், சில வகை மவுத்வாஷ் எல்லாவற்றிலிருந்தும் விலகி இருக்க வேண்டும் என்றுதான் டாக்டர்கள் சொல்லி அனுப்புகிறார்கள். சென்ட் பாட்டிலில் பெரும்பகுதி எத்தனால்தான். மாத்திரை போடாதவருக்கும் அந்த வாடை ஒன்றுமில்லாத விஷயம் இல்லை. ஷேவிங் செட் வாங்கியே தீர வேண்டும் என்றால் ஆஃப்டர் ஷேவ் பாட்டிலை எடுத்துவிட்டு ஒரு படிகாரக் கட்டி வையுங்கள், 30 ரூபாய்க்குள் முடியும், எங்கள் தாத்தா அதைத்தான் தேய்த்தார். வாசனை வேண்டும் என்கிறவருக்கு மேலப்பாளையம் பக்கம் போனால் எண்ணெயில் செய்த அத்தர் சின்ன சீசாவில் கிடைக்கும், ஆல்கஹால் இல்லாததுதானா என்று கேட்டு வாங்குங்கள்.

டானிக்கும் இந்தக் கணக்கில்தான் வரும். ஆள் மெலிந்து போயிருக்கிறாரே என்று அக்கறையாக அரிஷ்டம் வாங்கிக் கொடுக்கிறவர்கள் உண்டு. தசமூலாரிஷ்டம் மாதிரி அரிஷ்டங்கள் புளிக்க வைத்துச் செய்கிறவை, அதற்குள் தானாக உருவாகிற ஆல்கஹால் இருக்கிறது, பாட்டிலிலேயே போட்டிருப்பார்கள். உடம்பு தேற வேண்டும் என்றால் நல்ல நாட்டு முட்டை ஒரு அட்டை போதும்.

இனி கேக். வேகும்போது ரம் எல்லாம் ஆவியாகிவிடும் என்று எல்லோரும் சொல்வார்கள், பாதிதான் உண்மை. அமெரிக்க வேளாண் துறையின் அட்டவணைப்படி மாவோடு கலந்து ஒரு மணி நேரம் வெந்த பிறகும் 25 சதவீதம் நிற்கிறது. சிலர் வெந்த கேக்கின் மேல் வாரா வாரம் பிராண்டி தெளித்து ஊற வைப்பார்கள், அதில் ஆவியாவதற்கு ஏது வழி. நம் தென்னிந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக் என்று தலச்சேரி மாம்பள்ளி பாப்பு 1883இல் செய்ததைச் சொல்வார்கள், ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளி கேட்டு அவர் செய்தது, பிராண்டிக்குப் பதில் உள்ளூர்ச் சரக்கை ஊற்றினார் என்று கதை. ஆக, ஆரம்பத்திலிருந்தே பிளம் கேக்கும் சாராயமும் ஒட்டிப் பிறந்தவை. ஒரு துண்டு கேக்கில் இருக்கிற அளவு போதை ஏற்றாது, அது சரி. ஆனால் அந்த ருசி நாக்கில் பட்டதும் மூளை எதை ஞாபகப்படுத்தும் என்பதை விட்டவர்கள்தான் சொல்ல வேண்டும். மாமா ஒரு தடவை சொன்னார், "கேக்கு ஒண்ணும் பண்ணாது மக்ளே, கேக்குக்கு அப்புறம் வர்ற யோசனைதான் பண்ணும்."

பேக்கரியில் வாங்கினால் ரம் போட்டதா என்று கேளுங்கள், பாதிப் பேர் போடுவதே இல்லை. அவர்கள் உண்மையைச் சொல்வார்கள், வாய்விட்டுக் கேட்கத்தான் நமக்குக் கூச்சம். வீட்டில் செய்தால் உலர் திராட்சை, பேரீச்சை, செர்ரி எல்லாவற்றையும் ஆரஞ்சு ஜூஸிலோ கருப்பு திராட்சைச் சாற்றிலோ ஊற வைக்கலாம். ஒரு விஷயம் மட்டும் கவனம்: ரம்மில் ஊறுவது போல மாதக்கணக்கில் இது ஊறக் கூடாது. ஒரு ராத்திரி, இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு ராத்திரி. வெளியே நாலைந்து நாள் கிடந்தால் ஜூஸ் தானாகவே புளித்து, எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதுவே பாட்டிலுக்குள் உருவாகிவிடும். ஜூஸைத் திராட்சையோடு சேர்த்து அடுப்பில் வைத்து ஐந்து நிமிஷம் கொதிக்கவிட்டு ஆற வைத்தால் இன்னும் நல்லது, அன்றைக்கே கேக் போட்டுவிடலாம். வீட்டுக்கு வீடு போடுகிற திராட்சை ஒயினை அந்த வீட்டு மேசையில் வைக்கக் கூடாது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. "இது வீட்டு ஒயின், சர்பத் மாதிரி" என்று சொல்லுகிற பெரியம்மா எல்லாக் குடும்பத்திலும் ஒருத்தர் இருக்கிறார், அவரை முந்தின நாளே ஓரமாகக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவதுதான் வழி. ஆல்கஹால் இல்லாத பீர் என்று இப்போது டின்னில் வருகிறது, ஷாம்பெயின் பாட்டில் போலவே கார்க் வைத்த பழச்சாறும் வருகிறது. அந்த வேஷமெல்லாம் எதற்கு? அந்தப் பாட்டிலை அந்த மாதிரி கையில் பிடிக்கிற பழக்கத்தைத்தானே அவர் விட்டிருக்கிறார்.

கார வகையிலும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிக்சர், மசாலா கடலை, பாக்கெட் ஊறுகாய் எல்லாம் நமக்குப் பலகாரம், அவருக்கு இருபது வருஷம் சைடிஷ். எல்லோருக்கும் அப்படி இருக்காது, ஆனாலும் பலகாரப் பையில் இனிப்பைக் கூட்டிக் காரத்தைக் குறைத்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. இதில் ஒரு வசதியும் இருக்கிறது, குடியை விட்ட புதிதில் நிறையப் பேருக்கு இனிப்பு கேட்டுக்கொண்டே இருக்கும். அத்தான் சட்டைப் பையில் எப்போதும் மிட்டாய் கிடக்கும், மாலை ஆறு மணி ஆனால் கை தானாகப் பைக்குள் போகும். அதனால் கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு பெட்டி, உடன்குடிக் கருப்பட்டி, பனங்கற்கண்டு, முந்திரிக்கொத்து, இவையெல்லாம் 200 ரூபாய்க்குள் அடங்குகிற, சந்தோஷமாக வாங்கிக்கொள்ளப்படுகிற பரிசு. சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று மட்டும் அவர் வீட்டம்மாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காசு விஷயம் கஷ்டமான விஷயம். முதல் வருஷம் கையில் காசு கொடுக்காதீர்கள் என்று மையத்திலேயே சொல்லி அனுப்புவார்கள், காரணமும் நியாயம்தான், கவரில் 500 ரூபாய் என்பது ஆசை வந்த நிமிஷத்தில் கடைக்குப் போகிற தூரத்தைச் சுருக்கிவிடும். ஆனால் வரிசையாக எல்லா ஆம்பிளைகளுக்கும் ஆச்சி கவர் கொடுத்துக்கொண்டு வந்து, இவர் முறை வந்ததும் அந்தக் கவரை மனைவி கையில் கொடுத்தால் அது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். போன கிறிஸ்துமஸுக்கு அத்தானுக்கு அதுதான் நடந்தது. கூடத்தில் சின்னப் பிள்ளைகள் உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே "அவகிட்டயே குடுங்க" என்றார், அப்புறம் மத்தியானம் வரை மொட்டை மாடியை விட்டு இறங்கவில்லை. அதனால் எங்கள் வீட்டில் இந்த வருஷம் பேசி முடித்தது என்னவென்றால், யாருக்குமே கவர் கிடையாது, பெரியவர்கள் எல்லோருக்கும் பொருள்தான். ஒருத்தருக்காக எல்லோரும் மாற வேண்டுமா என்று பெரியப்பா முணுமுணுத்தார். ஒரு வருஷம் மாறினால் என்ன?

அடுத்தது பிரசங்கப் பரிசுகள். நீதிமொழிகள் 23ஆம் அதிகாரத்தில் பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்கப்பட்ட பைபிள், குடிவெறியைப் பற்றிய கைப்பிரதிக் கட்டு, 'இனி தொட மாட்டேன்' என்று கையெழுத்துப் போட வைக்கிற அட்டை. மாமாவிடம் மூன்று பைபிள் இருக்கிறது, மூன்றும் குடியை விட்ட முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தவை. அவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற மனுஷர், பக்திக்கு நான் எதிரி இல்லை. ஆனால் பண்டிகை நாளில் நாலு பேர் மத்தியில் ஒருத்தருடைய பழைய பாவத்தை ரிப்பன் கட்டி அவர் கையில் கொடுப்பது பக்தி இல்லை. வெளிநாட்டுக் கடைகளில் விற்கிறார்களே, 'ஒரு வருஷம் குடிக்கவில்லை' என்று அச்சடித்த கப், சாவிக்கொத்து, அதையும் இங்கே யாராவது நல்ல எண்ணத்தில் பெயர் போட்டுச் செய்துவிடுவார்கள். அந்தக் கப்பில் காபி கொடுத்தால் வருகிற பால்காரர் வரைக்கும் படிப்பார்.

நாள் கணக்கைக் கொண்டாடுவதற்கென்று வேறு இடம் இருக்கிறது. 1935இல் அமெரிக்காவில் தொடங்கிய ஏ.ஏ. என்ற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் நம் ஊர்களிலும் சர்ச் ஹாலிலும் பள்ளிக்கூட அறைகளிலும் கூடுகிறது. அங்கே குடியை விட்ட நாளைத்தான் பிறந்தநாள் என்பார்கள், கேக் வெட்டி, கைதட்டி, பதக்கம் மாதிரி ஒரு வில்லை கொடுப்பார்கள். அங்கே இருப்பவர்கள் எல்லோரும் அதே பாதையில் வந்தவர்கள், ஆளுக்கு முழுப் பெயர் கூட வேண்டியதில்லை. அவர் கூப்பிட்டால் அந்தப் பிறந்தநாள் கூட்டத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள், பஸ் டிக்கெட் மட்டும்தான் செலவு. அதைக் கிறிஸ்துமஸோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

சரி, என்னதான் கொடுப்பது?

குடிநோய் ஒருவரிடமிருந்து எடுத்துக்கொண்டு போனது என்ன என்று பார்த்தால் பரிசு தானாகத் தெரியும் என்பது என் அனுபவம். மாமாவின் டூல்ஸ் பை ஒரு கட்டத்தில் காணாமல் போனது. டிரில்லிங் மிஷின் முதலில், அப்புறம் சின்னச் சாமான் ஒவ்வொன்றாக, எல்லாம் கால் விலைக்கு, அரை விலைக்கு. டிரில்லிங் மிஷின் திரும்ப வாங்கிக் கொடுக்க எங்களால் ஆகவில்லை. ஒரு கட்டிங் பிளேயர், ஒரு டெஸ்டர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், நாலு ரோல் இன்சுலேஷன் டேப், ஒரு காக்கிப் பை, எல்லாம் சேர்த்து 500 ரூபாய்ச் சொச்சம், நானும் என் தம்பியும் பாதிப் பாதி போட்டோம். கொடுக்கும்போது கூடவே ஒரு வேலையும் கொடுத்தோம். எங்கள் வீட்டு நட்சத்திரத்துக்குள் பல்பு எரியவில்லை, குடிலுக்குப் போட்ட சீரியல் செட்டில் பாதி அணைந்து கிடந்தது. ஸ்டூல் போட்டு ஏறினவர் சாயங்காலம் வரை இறங்கவில்லை, பக்கத்து வீட்டு நட்சத்திரமும் அவர் கையால்தான் எரிந்தது. இப்போது வருஷா வருஷம் கோயில் முகப்புக்கு லைட் கட்டுகிற பையன்களோடு அவர் நிற்கிறார், வேலையை அவர்கள் செய்தாலும் சத்தம் முழுக்க அவருடையது.

வேலை கொடுத்ததில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் டாஸ்மாக் மூடுகிற நாட்கள் என்று சில உண்டு: குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம், இன்னும் சில மத நாட்கள். கிறிஸ்துமஸ் அந்தப் பட்டியலில் இல்லை. மதியம் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணி வரை இருக்கும். நம்முடைய கிறிஸ்துமஸ் எப்படிப்பட்டது? விடியற்காலை ஆராதனைக்கு 4 மணிக்கு எழுந்து, ஏழு மணிக்கெல்லாம் கோயில் முடிந்து, வாழ்த்துச் சொல்லி, பிரியாணி சாப்பிட்டு, 2 மணிக்கு எல்லாம் ஓய்ந்துவிடும். பெண்கள் அடுக்களையைக் கழுவுவார்கள், பிள்ளைகள் டிவி பார்ப்பார்கள், ஆம்பிளைகளில் சிலர் "இப்ப வாறேன்" என்று பைக்கை எடுப்பார்கள். அந்த 2 மணியிலிருந்து 10 மணி வரைதான் கண்டம். ஒன்றும் விலை கொடுத்து வாங்காமலே அந்த எட்டு மணி நேரத்தை யாராவது அவருக்குப் பரிசாகக் கொடுக்கலாம். மணப்பாட்டுக்கு பஸ் ஏறிப் போய் மணல்மேட்டில் இருக்கிற சிலுவைக் கோயிலையும் கடலையும் பார்த்துவிட்டு, சுக்கு காபி குடித்துவிட்டு வர எவ்வளவு ஆகிவிடும்? குற்றாலம் மட்டும் வேண்டாம், அங்கே குளிக்கிறவர்களைவிடக் குடிக்கிறவர்கள் அதிகம் என்று அத்தானே சொல்லிவிட்டார்.

அத்தானுக்குப் போன வருஷம் என்ன கொடுத்தோம் என்றால், செருப்பு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். பல வருஷம் குடித்தவர்களுக்குச் சாப்பாடும் சரியாக இல்லாமல், பி1 சத்து குறைந்து, காலில் நரம்பு பாதித்திருக்கும். பாதம் எரியும், மரத்துப் போகும், செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததே தெரியாமல் நாலு அடி நடந்து போய்விடுவார்கள். டாக்டர் கேட்கிற கேள்விகளில் அதுவும் ஒன்று. பின்னால் வார் வைத்த எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரை நோயாளிகளுக்கு விற்கிறார்களே அதேதான், அவருக்குச் சரியாக இருந்தது. இதை யோசித்தது நான் இல்லை, அத்தானின் மனைவி, என் மைனி. அவர் எப்போதும் ஹவாய் செருப்பைத் தேடிக்கொண்டு திரும்பி நடப்பதை அவள்தான் கவனித்திருக்கிறாள். அதே மாதிரி தூக்கம். விட்ட பிறகு மாதக்கணக்கில் தூக்கம் சரியாக வராது, ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார்கள், யாரையும் எழுப்பி டீ கேட்கவும் மனசு வராது. ஒரு சின்ன பிளாஸ்க், கூடவே ஒரு பாக்கெட் சுக்குப் பொடி. படுக்கப் போகும் முன் போட்டு வைத்துக்கொண்டால் அந்த நேரத்துக்குக் கையில் பிடிக்கச் சூடாக ஒன்று இருக்கும்.

மனைவிக்கு என்ன என்று யாரும் கேட்பதில்லை, எனக்கு இதில்தான் கோபம். அவர் நல்லாகிவிட்டார் என்று ஊரே அவர் முதுகைத் தட்டும், இத்தனை வருஷம் வட்டி கட்டினவள் அடுக்களையில் நிற்பாள். குடும்பத்துக்கும் நோய் உண்டு என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஏ.ஏ.வைத் தொடங்கின பில் வில்சனின் மனைவி லோயிஸ்தான் 1951இல் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். நம் சென்னையில் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980இல் டி.டி.கே. மருத்துவமனையைத் தொடங்கினார், அங்கே நோயாளியோடு வருகிற குடும்பத்துக்கும் வகுப்பு உண்டு. நாம் என்ன செய்கிறோம்? "இனிமே நீதான் பாத்துக்கணும்மா" என்று இன்னொரு பாரத்தை ஏற்றிவிட்டு வருகிறோம்.

மாமி வீட்டில் ஒரு காலத்தில் பாத்திரமே இல்லாமல் போனது. கல்யாணச் சீராக வந்த குடம், தூக்குச்சட்டி, அண்டா எல்லாம் பழைய சாமான் கடைக்குப் போய்விட்டன, எல்லாவற்றிலும் மாமியின் பெயர் வெட்டியிருந்தது. அம்மா போன முறை ஒரு எவர்சில்வர் தூக்குச்சட்டி வாங்கி, கடையிலேயே மாமியின் பெயரை வெட்டச் சொல்லி, அதற்குள் அதிரசம் போட்டுக் கொடுத்தாள். மாமாவின் பெயர் இல்லை, 'அன்பளிப்பு இன்னார்' என்பதும் இல்லை, மாமியின் பெயர் மட்டும். 300 ரூபாய் இருக்கும். மாமி அதிரசத்தைத் தட்டில் கொட்டிவிட்டு, பெயரை விரலால் தடவிப் பார்த்து, அம்மாவிடம் "எழுத்து நல்லா இருக்கு மைனி" என்று மட்டும் சொன்னார். மாமா பக்கத்தில்தான் நின்றார், அவருக்கும் புரிந்தது, யாரும் எதுவும் பேசவில்லை, நாங்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டோம். இன்னும் கொஞ்சம் பெரிதாகச் செய்ய முடிகிறவர்கள் நாலைந்து வீடு சேர்ந்து, அடகில் கிடக்கிற ஒரு கம்மலையாவது மீட்டுக் கொடுக்கலாம், ரசீதை முன்கூட்டியே அவளிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும் என்பதால் ஆச்சரியம் எதுவும் இருக்காது, பரவாயில்லை.

சித்தப்பா மகன் விஷயம் வேறு மாதிரி. அவனுக்குக் கேக்கும் சென்ட்டும் ஒன்றும் செய்யாது, கையில் இருக்கிற போன்தான் எல்லாம். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023இல் வந்தது, 2025 ஆகஸ்டில் மத்திய அரசே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்தது, அதற்காக மனசுக்குள் ஓடுகிற கணக்கு நின்றுவிடுமா? அவனுக்கு ஜிபேயில் 501 அனுப்பி 'ஹேப்பி கிறிஸ்துமஸ்' போடுவது, மாமாவுக்கு குவார்ட்டர் வாங்கிக் கொடுப்பதற்குச் சமம். கிஃப்ட் கார்டும் காசுதான். அவனை வைத்துத்தான் நான் இன்னொன்றைக் கவனித்தேன்: கிறிஸ்துமஸ் விழா என்றாலே நம் சபைகளிலும் அபார்ட்மென்டுகளிலும் ஹவுஸி ஆடுவார்கள், ஒரு டிக்கெட் 20 ரூபாய், லக்கி டிப், குலுக்கல். நமக்கு விளையாட்டு, அவனுக்கு நம்பர் கூப்பிடுகிற குரல் கேட்டதும் முகமே மாறிவிடுகிறது. எங்கள் வீட்டுக் கூட்டத்தில் ஹவுஸியை எடுத்துவிட்டு கேரம் போர்டு வைத்தோம், காசு இல்லாமல். அவனுக்குக் கொடுத்தது ஒரு நல்ல ஸ்ட்ரைக்கரும் ஒரு டப்பா கேரம் பவுடரும். அவன்தான் ஜெயித்தான், ஜெயித்ததற்கு ஒன்றும் கிடையாது என்பதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான்.

அலுவலகத்தில் கிறிஸ் மாம் கிறிஸ் சைல்ட் என்று, சீட்டில் வந்த பெயருக்கு ரகசியமாகப் பரிசு கொடுக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்கு வந்த பெயருக்குப் பின்னால் என்ன கதை இருக்கிறது என்று தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம். மது அடைத்த சாக்லேட், ஒயின் கிளாஸ் செட், பாட்டில் வடிவத்து விளக்கு, இவற்றை விட்டுவிட்டு ஒரு செடி வாங்குங்கள்.

இனி யாரும் பேசப் பிடிக்காத பகுதி. பரிசெல்லாம் வாங்கி வைத்துவிட்டோம், 22ஆம் தேதி ராத்திரி ஆள் குடித்துவிட்டு வருகிறார். இது நடக்கும். டிசம்பர் அதற்கென்றே இருக்கிற மாதம், பழைய கூட்டாளிகள் எல்லாம் ஊருக்கு வருவார்கள், போனஸ் வரும், கல்யாணம் வரும். அத்தானுக்கு மையத்துக்குப் போவதற்கு முந்தின வருஷம் அப்படித்தான் நடந்தது, நாலு மாசம் தொடாமல் இருந்துவிட்டு. அவருக்கென்று வாங்கின சட்டையைக் கொடுக்கக் கூடாது, திருப்பிக் கடையில் கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பெரிய வாக்குவாதம். கொடுக்க வேண்டும் என்று சொன்னவர் மாமா. "சட்டை குடிக்காததுக்குக் கூலியா? அவன் நம்ம பய, கிறிஸ்துமஸ், சட்டை. முடிஞ்சு போச்சு." நான் அன்றைக்கு மாமா பக்கம்தான், இன்றைக்கும் அப்படித்தான். பரிசை ஒழுங்குக்கான சம்பளமாக ஆக்கிவிட்டால் அடுத்த தடவை சறுக்கினவர் அதை மறைக்கத்தான் பார்ப்பார், மறைத்தால் டாக்டரிடமும் ஏ.ஏ. கூட்டத்துக்கும் போக மாட்டார். சட்டையைக் கொடுங்கள். காசும் பைக் சாவியும் கொடுக்காதீர்கள், பிள்ளைகளை அவரோடு தனியாக விடாதீர்கள், அது வேறு விஷயம். அவர் அடித்தார், வீட்டை உடைத்தார் என்றால் அதுவும் வேறு விஷயம், அப்போது பரிசைப் பற்றி யோசிக்கிற நேரமில்லை. யாரைக் கேட்பது என்று தெரியாதவர்கள் 14446 என்ற இலவச எண்ணுக்குப் பேசலாம், போதை மீட்புக்கென்று மத்திய அரசு நடத்துவது.

கிறிஸ்துமஸ் சமயத்தில் மையத்துக்குள்ளேயே இருப்பவருக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு விதி. அத்தான் இருந்த இடத்தில் ஸ்ப்ரே, கண்ணாடிப் பாட்டில், மவுத்வாஷ், பிளேடு, போன், காசு எதையும் உள்ளே விடவில்லை. கைலி, துண்டு, தேங்காய் எண்ணெய் பிளாஸ்டிக் டப்பாவில், கடிதம், போட்டோ எல்லாம் விட்டார்கள். போட்டோ என்றால் ஸ்டுடியோவில் போட்ட பழைய படம், அத்தான் வாலிபர் சங்கத்து வாலிபால் டீமில் நிற்பது, மைனி பெட்டியிலிருந்து எடுத்துக் காப்பி போட்டது. கடிதத்தில் அறிவுரை வேண்டாம், வீட்டில் எந்த ஆடு குட்டி போட்டது, எந்தப் பிள்ளை என்ன மார்க் வாங்கியது, கேரல் பாட யார் யார் வந்தார்கள் என்று எழுதினால் போதும். பலகாரம் கொண்டு போவதாக இருந்தால் அவர் ஒருத்தருக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள். உள்ளே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு அன்றைக்குப் பார்க்க யாரும் வர மாட்டார்கள், எத்தனை பேர் என்று கேட்டு முறுக்கும் கடலைமிட்டாயும் அத்தனை பேருக்கும் கட்டிக்கொண்டு போங்கள், வார்டனே வாங்கிப் பிரித்துக் கொடுப்பார். பார்வை நேரத்தையும் இப்போதே கேட்டு வையுங்கள், 25ஆம் தேதி கோயில் முடிந்து கிளம்பிப் போனால் சில இடங்களில் கேட் மூடிவிடுகிறார்கள்.